யிஷிங் கெண்டியில் ஊலாங் வாசமே வரவில்லை, மண் போலியா? உதவி தேவை

கிழக்குக்கரை:
வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் தியோச்சூ வழிச் சீன நண்பர் ஒருவர் தன் வீட்டில் உள்ளங்கையில் அடங்கும் சிவப்பு மண் கெண்டியில் தியெகுவான்யின் என்ற ஊலாங் வகைச் சீனத் தேநீர் போட்டுக் கொடுப்பார், மூடியைத் திறந்ததுமே பூ மணம் தூக்கும். அதில் ஆசைப்பட்டு நானும் சீனாவின் யிஷிங் ஊர் மண் கெண்டி ஒன்று வாங்கினேன். ஊதா கலந்த பழுப்பு, தடித்த சுவர், 280 மில்லி பிடிக்கும். அவரிடம் இருக்கும் அதே பொட்டலத்துத் தேயிலையை இதில் போட்டால் மணம் அடங்கிவிடுகிறது, சுவை மட்டும் கொஞ்சம் உருண்டு மென்மையாக இருக்கிறது. மண் போலியாக இருக்குமோ? அடியில் கு ஜிங்ஜோ என்ற கைவினைஞரின் முத்திரை இருக்கிறது, அது எந்த அளவுக்கு நம்பகமானது? அப்புறம் ஊற்றி முடிக்கும்போது மூக்கின் அடிப்பக்கமாகத் தண்ணீர் வழிந்து மேசையெல்லாம் ஈரம், இதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

மண்வாசம்:
நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மண்ணில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, தேயிலைக்கும் அந்த மண்ணுக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். ஜியாங்சு மாகாணத்தில் தாய்ஹு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது யிஷிங், அங்கே திங்ஷு ஊரை ஒட்டிய ஹுவாங்லோங் மலையில் வெட்டிய மண்ணுக்குப் பொதுவாக சிஷா என்று பெயர். அதில் பல வகை. உங்களுடையது ஊதா வகையாக இருக்கவேண்டும். இரும்பு, குவார்ட்ஸ், மைக்கா எல்லாம் கலந்த மண், மெருகு பூசாமல் சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி வரை சுடுவார்கள். சுட்ட பிறகும் உள்ளே நுண்துளைகள் மிஞ்சும். தண்ணீர் வெளியே கசியாது, ஆனால் அந்தத் துளைகள் தேநீரின் மேல் மணத்தையும் முரட்டுத்தனத்தையும் சேர்த்தே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். முற்றின பு-அர் (நொதிக்கவைத்த சீனத் தேயிலை), நன்றாக வறுத்த பாறை ஊலாங் (வூயி மலைப் பாறை நிலத்தில் விளைவது) போன்றவற்றுக்கு இது வரம். பச்சை வாசனையே உயிராக இருக்கும் இளவறுவல் தியெகுவான்யினுக்கு இதே குணம் நஷ்டம்.

நண்பருடையது சிவப்பு, சின்னது, அநேகமாக மெல்லிய சுவர். ஜூநி என்கிற சிவப்பு மண் சுடும்போது மிக அதிகமாகச் சுருங்கும், அதனால் பெரிய கெண்டி செய்தால் கோணும், வெடிக்கும். அந்த வகை பெரும்பாலும் சின்னதாகவே வருவதற்கு இது ஒரு காரணம். இறுகச் சுட்ட மெல்லிய சுவர் என்பதால் மணத்தை அதிகம் உறிஞ்சாது. அவர் தியோச்சூக்காரர் (தியோச்சூ என்பது சாவ்ஜோ என்ற ஊர்ப்பெயரின் வட்டார உச்சரிப்பு) என்பதால் அது சாவ்ஜோ ஊரின் உள்ளூர்ச் சிவப்பு மண் கெண்டியாகவும் இருக்கலாம். சாவ்ஜோவில் சக்கரத்தில் வனைவார்கள். யிஷிங்கில் மண்ணைத் தட்டித் தகடாக்கி, வளைத்து ஒட்டிச் செய்வதுதான் மரபு. உள்ளே எட்டிப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஓரளவு தெரியும்.

ஒரு கேள்வி: எவ்வளவு தேயிலை போடுகிறீர்கள்? அவர் 120 மில்லிக்கு 7 கிராம் போட்டால் உங்களுக்குக் கிட்டத்தட்ட 16 கிராம் வேண்டும். அவர் போடும் அளவையே நீங்களும் போட்டால் எந்தக் கெண்டியிலும் வெளிறித்தான் வரும். முதலில் ஒரு பீங்கான் கைவானில் (மூடி போட்ட கிண்ணம்) அதே இலையைப் போட்டுப் பாருங்கள். பீங்கான் எதையும் உறிஞ்சாது, இலையின் உண்மையான மணம் என்ன என்று அதில் தெரிந்துவிடும்.

பழஞ்சரக்கு:
முத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கு ஜிங்ஜோ (1915–1996) யிஷிங்கின் மிகப் பெரிய கைவினைஞர்களில் ஒருவர். அவர் செய்த, ஷி பியாவ் என்ற வடிவக் கெண்டி ஒன்று 2010இல் பெய்ஜிங் ஏலத்தில் 1 கோடியே 23 லட்சம் யுவானுக்குப் போனது. சாதாரணக் கடை விலைக்கு அவர் முத்திரையோடு ஒன்று கிடைக்கிறது என்றால் முத்திரை பொய். ஆனால் முத்திரை பொய் என்பதால் மண்ணும் பொய் என்று ஆகிவிடாது, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மண்ணுக்கு: கெண்டியில் கொதிநீர் ஊற்றி மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். லேசான மண் வாடை பரவாயில்லை. மெழுகு, பாலிஷ், வேதிப்பொருள் நெடி வந்தாலோ தண்ணீரில் நிறம் இறங்கினாலோ அதில் குடிக்காதீர்கள். 2010இலேயே சீன அரசுத் தொலைக்காட்சி, சாதாரண மண்ணில் வேதிப்பொருள் கலந்து நிறமேற்றி யிஷிங் என்று விற்பதை அம்பலப்படுத்தியது. கண்ணைப் பறிக்கும் பச்சை, நீலம் என்றால் உடனே சந்தேகப்படலாம். உங்கள் பழுப்பில் அந்தப் பயம் குறைவு. உள்சுவர் முழுக்க வழுவழுவென்று, அடியில் கூடத் தட்டிய தடமோ ஒட்டிய கோடோ இல்லாமல் இருந்தால் அச்சில் கூழ் ஊற்றி எடுத்ததாக இருக்கலாம். மூடியைக் கெண்டியில் தட்டி ஓசை கேட்கும் சோதனை வேண்டாம், விளிம்புதான் சில்லு பெயரும்.

தேயிலைத்தோட்டம்:
சகோ, பொறுமையாகப் பழக்குங்கள். ஒரே வகைத் தேயிலையை மட்டும் போட்டு வாருங்கள், 20 வருஷம் பழகிய கெண்டியில் வெறும் வெந்நீர் ஊற்றினாலே டீ வருமாம். குடித்த பிறகு இலையை ராத்திரி முழுக்க உள்ளேயே விட்டால் சீக்கிரம் ஊறும் என்றும் சொல்கிறார்கள்.

மண்வாசம்:
ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேயிலை என்பது சரியான பழக்கம், நானும் அப்படித்தான். வெந்நீர் டீ ஆவது மிகைப்படுத்தல், மெல்லிய வாசம் வரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஈர இலையை மட்டும் தயவுசெய்து இரவில் விடாதீர்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இலையைக் கொட்டி, வெந்நீரில் மட்டும் கழுவி, மூடியைத் திறந்து வைத்துக் காயவிட வேண்டும். சோப்பு கூடவே கூடாது, துளைக்குள் போனால் வெளியேற்றுவது பெரும்பாடு. எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். வருடக்கணக்கில் தேநீரும் துணியும் பட்டு உள்ளிருந்து வரும் பளபளப்பின் அழகே தனி, நானெல்லாம் அதைப் பார்ப்பதற்காகவே கெண்டியைக் கையில் எடுப்பேன்.

கிழக்குக்கரை:
நன்றி சகோ. கைவானில் போட்டுப் பார்த்தேன், நண்பர் வீட்டு மணம் அப்படியே வந்தது! கெண்டியில் தேயிலையைக் கூட்டிப் போட்டேன், சுவை ஏறியது, மணம் இன்னும் மட்டுதான். அதே கெண்டியைக் கொதிநீரில் நன்றாக அலசி முற்றின பு-அர் போட்டேன். சத்தியமாக இதற்கென்றே செய்ததுபோல இருந்தது, கனமாக, தொண்டையில் உராயாமல் இறங்கியது. நெடி எதுவும் இல்லை, நிறமும் இறங்கவில்லை. உள்ளே கைப்பிடிக்கு நேராக ஒட்டிய கோடு தெரிகிறது. வடிவம் கீழே அகன்று மேலே ஒடுங்கி, கைப்பிடி முக்கோணமாக இருக்கிறது.

பழஞ்சரக்கு:
அப்படியானால் அதுவும் ஷி பியாவ் வடிவம்தான். சிங் வம்சக் காலத்து அதிகாரி சென் மான்ஷெங் (1768–1822) வடிவம் யோசித்து, யாங் பெங்நியன் போன்றவர்கள் செய்து, மேலே எழுத்துச் செதுக்கிய கெண்டிகளால் புகழ்பெற்ற வடிவங்களில் ஒன்று. கோடும் நல்ல அறிகுறி. முழுக்கக் கையால் செய்ததா, அச்சின் உதவியோடு செய்ததா என்பது அதை மட்டும் வைத்துத் தெரியாது, ஆனால் கூழ் ஊற்றிய சரக்கு இல்லை. முத்திரையை மறந்துவிட்டு நிம்மதியாகக் குடியுங்கள். பு-அருக்கே ஒதுக்கிவிடுங்கள், பால் டீ மட்டும் போடவேண்டாம்.

வழிவதற்கு: விளிம்புவரை நிரப்பாமல் கழுத்துக்குக் கீழே நிறுத்துங்கள். ஊற்றும்போது தயங்காமல் ஒரே வீச்சில் நன்றாகச் சாயுங்கள், முடிக்கும்போதும் சட்டென்று நிமிர்த்துங்கள். மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் மூக்கின் உதட்டில் ஒட்டிக்கொண்டு அடிப்பக்கமாகத்தான் ஓடும். மூக்கு நுனி மழுங்கலாக இருந்தால் இது கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும், அரம் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள். ஊற்றும் நடுவில் மூடியின் துளையை விரலால் அடைத்துப் பாருங்கள், ஓட்டம் நின்றால் மூடி கச்சிதம்.

கிழக்குக்கரை:
அடைத்தால் நிற்கிறது. சட்டென்று நிமிர்த்தினால் வழிவது பாதியாகக் குறைந்திருக்கிறது, மீதிக்கு அடியில் ஒரு துணி போட்டுவிட்டேன். அடுத்து ஊலாங்குக்கு 120 மில்லி சிவப்புக் கெண்டி தேடுகிறேன், சாவ்ஜோ வகை வாங்கி அனுபவம் உள்ளவர்கள் இங்கேயே எழுதுங்கள்.