சைரன் சார்ம்ஸில் கிட்டாரைத் தேடிய அனுபவம்

ஸ்வீடன் மெட்டல் பேண்டான இன் ஃப்ளேம்ஸின் ரசிகர்களில் ஏமாற்றம் ஆளுக்கொரு ஆல்பத்தில் ஆரம்பித்திருக்கும். நிறைய பேர் 2002-ல் ரீரூட் டு ரிமெய்ன் வந்ததுமே விலகிவிட்டார்கள். எனக்கு அதுவும் பிடித்தது, 2006-ல் கம் கிளாரிட்டி வந்தபோது பார்க்கிறவர்களிடமெல்லாம் கேளுங்கள் கேளுங்கள் என்று நச்சரித்தேன். மனசு விட்டுப்போனது 2014 செப்டம்பரில் வந்த சைரன் சார்ம்ஸில்தான்.

பெர்லினில், டேவிட் போவி பதிவு செய்த அதே ஹன்ஸா ஸ்டுடியோவில் எடுக்கிறார்கள் என்று படித்ததிலிருந்தே ஆவல். ஹெட்ஃபோனை மாட்டி உட்கார்ந்தால் முதல் பாட்டு எலெக்ட்ரானிக் சத்தத்தோடு ஆரம்பிக்கிறது, சரி, கிட்டார் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் பாடகர் ஆண்டர்ஸ் ஃப்ரீடன் பாட ஆரம்பித்ததும் ஒதுங்கிப்போய்ப் பின்னால் நின்றுகொண்டது. அடுத்தடுத்த பாட்டிலும் இதே கதை.

க்ரோல், அதாவது தொண்டையிலிருந்து உறுமிப் பாடுவது, குறைந்ததுதான் குறை என்று பலர் சொல்வார்கள், எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 1996-ல் வந்த தி ஜெஸ்டர் ரேஸைப் போட்டுப் பாருங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் மெதுவாகத் தொடங்கி, அப்புறம் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மெட்டை ஆளுக்கொரு ஸ்வரத்தில் எடுத்துக்கொண்டு, ஒன்றையொன்று விடாமல் கூடவே போகும். அயர்ன் மெய்டனின் இரட்டைக் கிட்டார், ஸ்வீடன் நாட்டுப்புற மெட்டு, டெத் மெட்டலின் வேகம், இதெல்லாம் கலந்து இன் ஃப்ளேம்ஸும், டார்க் டிராங்குவிலிட்டி, அட் தி கேட்ஸ் என்ற பேண்டுகளும் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தில் உண்டாக்கிய சத்தம் அது. க்ரோலில் ஒரு வார்த்தை புரியாதவர்கூட அந்த மெட்டை முணுமுணுத்துவிடுவார். சைரன் சார்ம்ஸின் 11 பாட்டையும் கேட்டு முடித்தபின் எனக்கு வாயில் வந்ததெல்லாம் கோரஸ்தான், கிட்டார் வரி ஒன்றுகூட நிற்கவில்லை. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன், பழகினால் பிடித்துவிடுமோ என்று. ரஸ்டட் நெயில் என்ற பாட்டு மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

1990-ல் பேண்டைத் தொடங்கிய கிட்டாரிஸ்ட் யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்ளாட் 2010-ல் விலகியதுதான் காரணமா என்று அப்போது ரொம்ப யோசித்தேன். உறுதியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தது, ஏனென்றால் அவர் இல்லாமல் வந்த 2011 ஆல்பம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தயக்கம் போனது 2022-ல், தி ஹேலோ எஃபெக்ட் என்ற பேண்டின் முதல் ஆல்பம் டேஸ் ஆஃப் தி லாஸ்ட் வந்தபோது. அதில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள்: கிட்டாரில் நிக்லாஸ் எங்கெலின், பேஸில் பீட்டர் இவர்ஸ், டிரம்ஸில் டேனியல் ஸ்வென்சன், மூன்று பேருமே சைரன் சார்ம்ஸில் வாசித்தவர்கள். கூட யெஸ்பர், பாடுவது டார்க் டிராங்குவிலிட்டியின் மிக்கேல் ஸ்டான்னே. முதல் பாட்டிலேயே இரட்டைக் கிட்டார் முன்னால் வந்து நிற்கிறது! ஆக, வாசிக்கத் தெரியாமல் போய்விடவில்லை அந்த மூவருக்கும், 2014-ல் அவர்கள் கையில் அப்படியொரு மெட்டு இல்லை, அவ்வளவுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் இருந்தால் உங்களுக்கு எப்படிப் பட்டது என்று எழுதுங்கள், முக்கியமாக 2023-ல் இன் ஃப்ளேம்ஸ் விட்ட ஃபோர்கான் ஆல்பத்தையும் சேர்த்து, ஏனென்றால் அதில் பழைய கிட்டார் பாதியாவது திரும்பி வந்திருக்கிறது என்பது என் கட்சி.