கேழ்வரகு மால்ட் காய்ச்சும் தானியங்கி அண்டா: மலைக்குளிரில் எங்கள் அனுபவம்

கோத்தகிரியிலிருந்து:

மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்த என் அண்டா, போன மாதம்தான் என் கை படாமல் முழு வேலையையும் தானாக முடித்தது. அதற்காகத்தான் இதுவரை எழுதாமல் இருந்தேன்.

நான் தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். தானியத்திலிருந்தே பீர் தயாரிப்பது அவனுடைய பொழுதுபோக்கு. 1978இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அங்கே வீட்டுத் தேவைக்கு அது குற்றமில்லை. வீடியோ காலில் தன் பாத்திரம், பம்ப், கண்ட்ரோலர் எல்லாவற்றையும் காட்டினான். என்னைப் பிடித்துக்கொண்டது பீர் இல்லை, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம். முளைகட்டிய தானியத்தைச் சூடான தண்ணீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அம்மா செய்யும் ராகி மால்ட்டின் உயிரும் அதே மாற்றம்தான். நம் ஊரில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, வீட்டில் மது வடிக்க அனுமதி கிடையாது. அதனால் நான் ஈஸ்ட் பக்கமே போகவில்லை. இனிப்புத் தண்ணீரை வடிகட்டி, சுண்டக் காய்ச்சிப் பாகாக எடுத்துவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கவும், தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் அது போதும்.

இதில் எல்லாமே சூடுதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது பீட்டா அமைலேஸ், ஆல்ஃபா அமைலேஸ் என்ற இரண்டு நொதிகள். பார்லியை வைத்துச் சொல்லும் கணக்கு இது: பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும், ஆல்ஃபா அமைலேஸுக்கு 70ஐ ஒட்டிய சூடு வேண்டும். இரண்டுக்கும் நடுவே 66இல் ஒரு மணி நேரம் நிறுத்தினால் இரண்டுமே கை கொடுக்கும். மேலே போகப் போக நொதிகள் செத்துவிடும். சமவெளியில் அண்டாவைக் கம்பளியால் சுற்றி மூடி வைத்தாலே ஓரளவு சூடு நிற்கலாம். கோத்தகிரியில் டிசம்பர் காற்று அடிக்கும்போது அரை மணி நேரத்தில் ஆறு டிகிரி இறங்குவதை நானே அளந்திருக்கிறேன். தானியங்கி எண்ணம் வந்தது அங்கேதான்.

முதலில் கட்டியது சுலபமான அமைப்பு. எவர்சில்வர் அண்டா, நடுவில் லேத் பட்டறையில் ஓட்டை போட்டு வாங்கிய தட்டு, தட்டுக்குக் கீழே 1500 வாட் ஹீட்டர், அங்கேயே சூட்டை அளக்க ஒரு டிஎஸ்18பி20 சென்சார், அதைப் பார்த்து ஹீட்டரை இயக்க ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகை. கீழே வடியும் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் மேலே கொண்டுபோய் ஊற்றும். 14 லிட்டர் தண்ணீர் 15 டிகிரியிலிருந்து தேவையான சூட்டுக்கு ஏற முக்கால் மணி நேரம் ஆனது. 4 கிலோ முளைகட்டிய கேழ்வரகு மாவைப் போட்டேன். திரையில் 66 என்று காட்டியது, ஒன்றரை மணி நேரமும் அசையவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஒரு சொட்டை எடுத்து மருந்துக்கடை அயோடினை விட்டுப் பார்த்தால் கருநீலம். மாவுச்சத்து அப்படியே இருந்தது.

சமையல் தெர்மாமீட்டரை மேலே செருகியபோதுதான் விஷயம் தெரிந்தது. மேலே 58. கேழ்வரகு மாவு தட்டின் மேல் களிமண் மாதிரி இறுகி, தண்ணீர் கீழே இறங்க வழியே இல்லை. கீழே தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீரைச் சுடவைத்துவிட்டு, சூடு வந்துவிட்டது என்று ஹீட்டர் நின்றுவிட்டது. நான் அவசரப்பட்டு பம்ப்பின் வேகத்தைக் கூட்டினேன். தட்டு வளைந்தது, மாவு கீழே இறங்கி ஹீட்டரில் ஒட்டி அடிப்பிடித்தது. நான்கு கிலோவும் பக்கத்து வீட்டு மாட்டுக்குத்தான் போனது.

பார்லிக்கு உமி உண்டு. மாவாக்கிய பிறகும் அந்த உமியே வடிகட்டியாகப் படுத்துக்கொள்ளும். கேழ்வரகுக்கு அப்படிப்பட்ட உமி இல்லை. அக்கா மகனின் வரைபடத்தை அப்படியே கட்டிய நான் இதை யோசிக்கவே இல்லை. இப்போது கேழ்வரகை மாவாக்காமல் ரவைப் பதத்தில் உடைக்கிறேன். காரமடைப் பக்கத்து ரைஸ் மில்லில் நெல் உமி வாங்கி, 4 கிலோவுக்கு 400 கிராம் கலக்கிறேன். ஹீட்டரையும் அண்டாவிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் எவர்சில்வர் சுருள் குழாய். இனிப்புத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் ஓடிச் சூடாகித் திரும்புகிறது. எதுவும் அடிப்பிடிக்க வழியில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் இரண்டாவது சென்சார். ஒன்று குழாய் வாயில், இன்னொன்று தானியத்தின் நடுவில். இரண்டுக்கும் 4 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஓட்டம் நின்றுவிட்டது என்று அர்த்தம். உடனே ஹீட்டரும் பம்ப்பும் நின்று மணி அடிக்கும். சூட்டைக் காப்பது சின்ன வேலை. ஓட்டத்தைக் காப்பதுதான் இந்த இயந்திரத்தின் முழு வேலை என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, வணக்கம். நான் வீட்டில் பேக்கரி நடத்துகிறேன். ரொட்டிக்கு மால்ட் பாகு வேண்டும் என்று நானும் தம்பியும் ஒரு அண்டா கட்டினோம். எங்கள் பிரச்சினை கொதிக்க வைக்கும் கட்டத்தில் வந்தது. தம்பி எழுதிய நிரல் இப்படி: 98 டிகிரி வந்ததும் ஒரு மணி நேரக் கணக்கு தொடங்க வேண்டும், முடிந்ததும் ஹீட்டர் அணைய வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டோம்.

நம் ஊர் 2100 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். அதனால் இங்கே தண்ணீர் 93இலேயே கொதித்துவிடும். அண்டா பொங்கிக்கொண்டே இருக்கிறது, நிரலோ இன்னும் 98க்காகக் காத்திருக்கிறது. கணக்கு தொடங்கவே இல்லை. கருகிய வாசம் வந்து எழுந்தபோது அடியில் தார் மாதிரி ஒரு படிவம்தான் மிச்சம். பருப்பு வேக இங்கே குக்கர் இல்லாமல் முடியாது என்று தினமும் சொல்கிற நானே இதைக் கவனிக்கவில்லை. வீடு தப்பியதே பெரிது. இப்போது 91 வந்ததும் கணக்கு தொடங்குகிறது, எப்படியானாலும் இரண்டு மணி நேரத்தில் ஹீட்டர் அணைந்துவிடும். சென்சாரைச் சரிபார்ப்பதும் பனிக்கட்டித் தண்ணீரில்தான். கொதிநீரை 100 என்று எடுத்தால் மலையில் ஆறேழு டிகிரி தப்பு வரும்.

இன்னொன்று, மால்ட்டை வறுக்காதீர்கள். வாசனைக்காக எல்லோரும் முளைகட்டியதை வறுத்துத்தான் அரைப்போம். வறுத்தால் நொதி செத்துவிடும், எத்தனை மணி நேரம் ஊறினாலும் அயோடின் நீலமாகவே இருக்கும். நான் 50 டிகிரிக்குள் காயவைத்து, பத்தில் ஒரு பங்கை மட்டும் மணத்துக்காக வறுத்துச் சேர்க்கிறேன்.

ஊட்டியிலிருந்து:

இருவருக்கும் நன்றி. நான் ரிலே பற்றி மட்டும் சொல்கிறேன். ஹீட்டருக்குப் போட்டிருந்த சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது கண்ட்ரோலர் சொல்கிறபடி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எலெக்ட்ரானிக் சுவிட்ச், ஒருநாள் கெட்டது. கெட்டால் மின்சாரம் நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வகை ரிலே பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொண்டு கெடும். கண்ட்ரோலர் அணை என்கிறது, ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது. 66இல் நிற்க வேண்டியது 84க்குப் போய், அன்றைய மால்ட் முழுவதும் வீண். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதற்கு ரிலேயிலேயே 10 வாட் அளவுக்குச் சூடு உண்டாகும். சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் இல்லாமல் மரப்பெட்டிக்குள் வைத்தது என் தவறு. இப்போது ரிலேக்கு முன்னால் காண்டாக்டர் என்ற தனி மின்சுவிட்ச் இருக்கிறது, 75ஐத் தாண்டினால் அது முழு மின்சாரத்தையும் துண்டித்துவிடும். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஈரத்தில் நின்று இந்த வேலையை யாரும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

என் பாட்டி கைக்குழந்தைகளுக்குக் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் முளைகட்டிய மாவைக் கலப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழ் தண்ணீராக இளகும். அண்ணா, நீங்கள் 14 லிட்டரில் செய்வதும் அதுதானே? அதை நினைத்து, முளைகட்டாத கேழ்வரகைப் பாதி முதலில் கூழாக்கி, 70க்கு ஆறியதும் மால்ட்டைச் சேர்த்துப் பார்த்தேன். நன்றாக இளகியது, ஆனால் வடியவே இல்லை. உமியை அப்படியே போடலாமா? தூசி வாசம் வராதா?

கோத்தகிரியிலிருந்து:

அப்படியே போடக்கூடாது. முதலில் முறத்தில் புடைத்துத் தவிடும் நொய்யும் போக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைக்கும். அப்புறம் கொதிநீரில் இரண்டு முறை அலசுங்கள். இரண்டாவது தண்ணீர் நிறமில்லாமல் வந்தால் வாசம் வராது. கூழ் சேர்ப்பதானால் 4 கிலோவுக்கு 600 கிராம் வரை உமி போட்டுப் பாருங்கள், பம்ப் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து தொடங்குங்கள். கொடைக்கானல் தங்கச்சி சொன்ன இரண்டு மணி நேரக் கெடுவை நானும் இன்றே நிரலில் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காரமடை போகிறேன். ஊட்டித் தம்பிக்கும் சேர்த்து ஒரு சாக்கு உமி எடுத்து வருகிறேன், திங்கள் காலை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.