ஏசி காயிலில் பனி, கட்டிலில் தண்ணீர்: கேஸ் போடச் சொல்கிறார் மெக்கானிக், போடலாமா?

மாடிவீடு (கேட்டவர்)

வணக்கம். வேளச்சேரியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி, ஆர்32 கேஸ். வாரன்டி முடிந்துவிட்டது.

இரவு போட்டதும் முதலில் நன்றாகத்தான் குளிர்கிறது. நேரம் போகப் போகக் காற்று குறைகிறது. நடுராத்திரிக்கு மேல் சத்தம் மட்டும் வருகிறது, காற்றே இல்லை. விடியற்காலையில் இன்டோரின் முன்விளிம்பிலிருந்து கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர் சொட்டுகிறது. மாமியார் அந்தப் பக்கம்தான் படுப்பார்கள், அவர்களுக்கு மூட்டு வலி வேறு. மூடியைத் திறந்து பார்த்தேன், கூலிங் காயில் முழுக்க வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. ஃபில்டரைத் தவறாமல் கழுவுகிறேன்.

நேற்று வந்த மெக்கானிக் ஏசியை ஓடவிட்டு, அவுட்டோரில் கேஜ் (கேஸ் அழுத்தத்தை அளக்கும் கருவி) மாட்டிப் பார்த்தார். 80 பிஎஸ்ஐ காட்டியது. "கேஸ் குறைஞ்சு போச்சு, டாப்-அப் பண்ணணும், வருஷா வருஷம் போட வேண்டியதுதான்" என்றார். மூவாயிரத்துச் சொச்சம் கேட்கிறார். அப்போதும் காயிலில் பனி இருந்தது. நாளை வரச் சொல்லியிருக்கிறேன். போடலாமா?

தாம்பரம் தம்பி

பனி பிடித்தால் கேஸ் குறைவுதான் அக்கா. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, கேஸ் போட்டதும் சரியாயிற்று.

கோவைக் குளிர்

அம்மா, நாளைக்கு அவரை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன். இதில் வீணாகப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏசியில் கேஸ் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் அதுவும் வெளியே போகும். "வருடா வருடம்" என்ற பேச்சே தப்பு.

ஆனால் உங்கள் விஷயத்தில் கேஸ் குறைந்திருக்கிறது என்பதையே நான் இன்னும் நம்பவில்லை. காயிலில் பனி பிடிக்க முக்கியமாக இரண்டு காரணம். கேஸ் குறைவு ஒன்று. காயில் வழியாகப் போதுமான காற்று போகாதது இன்னொன்று. அறையின் சூடு காயிலுக்கு வந்து சேர்ந்தால்தான் அது உறைநிலைக்கு மேலே நிற்கும். காற்று குறைந்தால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைகிறது. பனி பிடித்தால் காற்று இன்னும் குறையும், பனி இன்னும் ஏறும். உங்களுக்கு நடுராத்திரியில் காற்று நின்றுபோவது இதனால்தான்.

இப்போது அந்த 80 பிஎஸ்ஐ. ஆர்32 ஓடும்போது சாதாரணமாக 110 முதல் 150 வரை காட்டும். 80 என்றால் உள்ளே காயில் மைனஸ் 6, 7 டிகிரியில் இருக்கிறது என்று அர்த்தம். பனி பிடித்த காயிலில் கேஜ் மாட்டினால் கேஸ் முழு அளவில் இருந்தாலும் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். அதை வைத்துக் கேஸ் குறைவு என்று சொல்லவே முடியாது. அதோடு இது இன்வெர்ட்டர். கம்ப்ரஸர் வேகம் ஏறி இறங்க அழுத்தமும் மாறும். முழு அளவு இருக்கும் மெஷினில் மேலும் கேஸ் ஏற்றிவிட்டால், பிறகு யாராவது காயிலைச் சுத்தம் செய்ததும், மே மாத வெயிலில் அவுட்டோர் அழுத்தம் தாங்காமல் டிரிப் ஆக, அதாவது தானாக நின்றுபோக ஆரம்பிக்கும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடியது: ஏசியை ஃபேன் மோடில் மட்டும் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பனியை முழுக்க உருக விடுங்கள். கீழே பாத்திரமும் பழைய துணியும் வையுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் வைத்துப் பனியைச் சுரண்டாதீர்கள், காயில் ஓட்டையானால் செலவு பல மடங்கு. பனி போனதும் 24 டிகிரியில், ஃபேன் வேகத்தை முழுதாக வைத்து கால் மணி நேரம் ஓடட்டும். அப்புறம் ஒரு சாதாரண அறை தெர்மாமீட்டரை முதலில் இன்டோரின் மேலே, காற்றை உள்ளிழுக்கும் இடத்தில் வைத்து அளவெடுங்கள். பிறகு கீழே காற்று வெளியே வரும் வாயில் வையுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு.

காற்று நன்றாக வீசுகிறது, ஆனால் வித்தியாசம் 3, 4 டிகிரிதான் என்றால் கேஸ் மேல் சந்தேகப்படலாம். வித்தியாசம் அதிகம், ஆனால் காற்று கட்டிலுக்கே வரவில்லை என்றால் கோளாறு காற்றோட்டத்தில்.

பாதுகாப்பாகப் போய்வர வசதி இருந்தால் அவுட்டோரையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் இரண்டு செம்புக் குழாய் சேரும். மெல்லிய குழாயின் நட்டில் மட்டும் பனி, தடித்த குழாய் குளிர்ச்சியே இல்லாமல் இருக்கிறது என்றால் அது கேஸ் குறைவின் அடையாளம். வீட்டு ஸ்ப்ளிட்டில் கேஸ் விரிவடையும் பாகம் பெரும்பாலும் அவுட்டோரிலேயே இருக்கும். அதனால் ஒழுங்காக ஓடும்போது இரண்டு குழாயுமே சில்லென்றுதான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உருளை வடிவில் ஒரு ப்ளோயர் இருக்கும். அதன் இறக்கைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மின்வாசகன்

கோவை அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தண்ணீர் சொட்டுவதைத் தனிப் பிரச்சினையாகவும் பாருங்கள். பனி உருகும்போது, காயிலுக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் தட்டுக்கு வெளியே விழலாம், சரி. ஆனால் சென்னை ஈரக் காற்றில் 1.5 டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் எடுக்கும். ட்ரெயின் பைப் (அந்தத் தண்ணீரை வெளியேற்றும் குழாய்) கொஞ்சம் அடைத்தாலே தட்டு வழியும். பனி போன பிறகு காயிலின் கீழ்த் தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், பிசிபி (மின்னணு சர்க்யூட் பலகை) இருக்கும் பக்கம் படாமல். வெளியே பைப்பில் தடையில்லாமல் வருகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

மாடிவீடு

இரண்டு பேருக்கும் நன்றி. மெக்கானிக்கை நிறுத்திவிட்டேன்.

மேலே 29, கீழே 13. ஆனால் காற்று மிகக் குறைவு, கையை வாயருகே கொண்டுபோனால்தான் தெரிகிறது. அவுட்டோர் பால்கனியிலேயே இருப்பதால் பார்க்க முடிந்தது. குழாய் இரண்டும் சில்லென்று இருக்கின்றன, பனி இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ப்ளோயர் இறக்கைகளுக்கு நடுவே கறுப்பாக, கம்பளி மாதிரி அழுக்கு அடைந்திருக்கிறது. ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது இவ்வளவு எப்படிப் போனது?

தட்டில் ஊற்றிய தண்ணீர் மிக மெதுவாக, விட்டு விட்டு வெளியே வருகிறது. செடிக்கு ஊற்றப் பிடிப்பதற்காக பைப்பின் முனையை ஒரு வாளிக்குள் விட்டிருக்கிறோம்.

கோவைக் குளிர்

29க்கு 13, அதாவது 16 டிகிரி வித்தியாசம். காற்று மட்டும் இல்லை. கேஸ் குறைந்த மெஷின் இப்படிக் குளிர்விக்காது அம்மா. உங்கள் பணம் மிச்சம்.

ஃபில்டர் வலை பெரிய தூசியைத்தான் நிறுத்தும். பொடித் தூசி உள்ளே போகும். வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி ஏற்றும் பழக்கம் உண்டா? சமையலறை அந்த அறைக்கு அருகிலா? அந்தப் புகையிலுள்ள பிசுக்கு ப்ளோயரில் ஒட்டி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறக்கையின் குழிவு நிரம்பிவிட்டால் ப்ளோயர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றைத் தள்ளாது. சத்தம் மட்டும் வரும்.

கடையில் விற்கும் நுரை ஸ்ப்ரேயை முன்பக்கம் அடித்தால் ப்ளோயருக்குப் போகாது. ஜெட் பம்ப் வைத்துச் செய்யும் வாட்டர் சர்வீஸ் கேளுங்கள். ப்ளோயரை இறக்கைக்கு இறக்கை கழுவ வேண்டும், முடிந்தால் கழற்றியே கழுவச் சொல்லுங்கள். முன்மூடியை மட்டும் எடுத்துவிட்டுத் தண்ணீர் அடித்துப் போகிற ஆள் வேண்டாம். பிசிபியைப் பிளாஸ்டிக் வைத்து மூடுகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். முடிந்ததும் நீங்களே டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வாளி: பைப்பின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் தண்ணீரைத் தடுக்கும். முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கும்படி பைப்பை வெட்டிவிடுங்கள். வழியில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது, முழுக்கக் கீழ்நோக்கியே சரிய வேண்டும். உள்ளே வழவழவென்று பாசி பிடித்திருக்கும், அதையும் சர்வீஸின்போது ஊதி எடுக்கச் சொல்லுங்கள்.

தம்பி, உங்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் கேஸ் போட்டதும் சரியானது உண்மையாகவே இருக்கலாம். அப்போது ஒழுகல் எங்கே என்று பார்த்தார்களா? முதலில் செம்புக் குழாய்களின் இரண்டு முனையிலும் உள்ள நட்டுகளில் சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சாக்கடை வாடை வீசும் இடங்களில் அந்த வாயுவே செம்பை அரித்துக் காயிலில் ஊசித்துளை போட்டுவிடும். அடைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, மெஷின் லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அதை எடை போட்டு ஏற்ற வேண்டும். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது வேலை இல்லை.

இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து யாராவது அழுத்தம் ஏற்றப் போனால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரஸர் எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடிய கேஸ். உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு (வெல்டிங்) வேலையும் கூடாது.

தாம்பரம் தம்பி

ஒழுகல் எதுவும் பார்க்கவில்லை அண்ணா. அடுத்த முறை கேட்கிறேன். இப்போது வேறு தொல்லை. இரண்டு நாளாக இன்டோர் விளக்கு மினுக்குகிறது, அவுட்டோர் ஓடவே இல்லை. இன்டோரில் வெறும் காற்று வருகிறது.

மின்வாசகன்

எத்தனை முறை மினுக்குகிறது, டிஸ்ப்ளேயில் எழுத்து வருகிறதா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறைக் காட்டும் அந்தக் கோட் (குறியீடு) கம்பெனிக்குக் கம்பெனி வேறு, உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். எம்சிபியை (ஏசிக்கான மெயின் ஸ்விட்சை) அணைத்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மறுபடி வந்தால் இன்டோர், அவுட்டோர் இடையிலான ஒயரில் துண்டிப்போ, எலி கடியோ இருக்கலாம். நம் ஊரில் அவுட்டோர் பிசிபிக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆவதும் சகஜம். ஆனால் நீங்கள் திறக்க வேண்டாம். இன்வெர்ட்டர் பிசிபியின் கெப்பாசிட்டரில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

நீலகிரிவாசி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஊட்டியில் ஹாட் அண்ட் கோல்ட் ஸ்ப்ளிட் போட்டிருக்கிறோம். ஜனவரி இரவுகளில் ஹீட் மோடில் ஓடும்போது அவுட்டோரில் பனி பிடிக்கிறது. திடீரென்று இன்டோர் ஃபேன் நின்று "புஸ்" என்ற சத்தம் வருகிறது, அவுட்டோரிலிருந்து வெள்ளைப் புகை கிளம்புகிறது. சில நிமிடத்தில் மறுபடி சூடு வருகிறது. இதுவும் கோளாறா?

கோவைக் குளிர்

கோளாறு இல்லை, டீஃப்ராஸ்ட். ஹீட் மோடில் வெளியே இருக்கும் காயில்தான் குளிர்ந்த பக்கம். உங்கள் ஊர் ஈரக் குளிரில் அதில் பனி பிடித்தே தீரும். மெஷின் சற்று நேரம் திசையை மாற்றி அதை உருக்குகிறது. "புஸ்" சத்தம் திசை மாற்றும் வால்வு, புகை மாதிரித் தெரிவது நீராவி. ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்தால் கவலை வேண்டாம். பனி உருகாமல் கட்டியாக ஏறிக்கொண்டே போனால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். உருகும் தண்ணீர் நடைபாதையில் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உறைந்தால் வழுக்கும்.

மாடிவீடு

இன்று ஜெட் சர்வீஸ் முடிந்தது. ப்ளோயரைக் கழற்றிக் கழுவினார்கள். வந்த தண்ணீர் தார் நிறத்தில் இருந்தது. ட்ரெயின் பைப்பிலிருந்து பாசி கட்டியாக வந்தது, பைப்பையும் வெட்டிவிட்டோம். சாம்பிராணி பற்றி நீங்கள் கேட்டது சரி அண்ணா, வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த அறையிலும் போடுவோம். இனி அப்போது ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம்.

இப்போது மேலே 28, கீழே 17. காற்று எதிர்ச் சுவர் வரை போகிறது. சர்வீஸ் ஆள் ஓடும்போது கேஜ் மாட்டிக் காட்டினார், 125. கேஸ் தொடவே இல்லை. இரவில் பனி பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஏசித் தண்ணீரை, கரன்ட் போனால் ஓடும் வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரிக்கு ஊற்றலாம் என்கிறார் என் கணவர், சரியா?

கோவைக் குளிர்

125 அருமை. ஒருவேளை மறுபடி பனி வந்தால், காயிலின் குளிர்ச்சியை அளக்கும் சென்சார் அதன் இடத்தில் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கழுவும்போது நழுவியிருக்கலாம்.

பேட்டரிக்கு வேண்டாம். காயிலிலுள்ள தூசியும் உலோகமும் அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டரே வாங்குங்கள். செடிக்கும் தரை துடைக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மாடிவீடு

இரவு முழுக்க 25இல் ஓடியது. காலையில் மூடியைத் திறந்து பார்த்தேன், பனி இல்லை, தலைமாடும் காய்ந்திருக்கிறது. பால்கனி வாளி மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது, பெரிய வாளி வைக்க வேண்டும்.