சிவப்பு ஒயினும் புராஸ்டேட் புற்றுநோயும்: எங்கள் வீட்டில் கண்டவை

பாரிஸ் புறநகரிலிருந்து:

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு வந்து குடியேறிய எங்கள் உறவினர்களிடையே, இரவு உணவோடு ஒரு கோப்பை சிவப்பு ஒயின் அருந்துவது குடிப்பழக்கக் கணக்கில் சேர்வதே இல்லை. என் சித்தப்பாவோ அதை மருந்தாகவே கருதினார். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்த அவரிடம், புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொன்னபோதெல்லாம், வாரம் நான்கு கோப்பை சிவப்பு ஒயின் குடிப்பவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் ஆபத்து பாதிதான் என்று எப்போதோ படித்த செய்தியைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்.

அந்தச் செய்தி கட்டுக்கதை அன்று. சியாட்டிலில் உள்ள பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தினர், 40 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் இந்நோய் கண்ட 753 பேரையும் நோயில்லாத 703 பேரையும் ஒப்பிட்டு, 2005இல் ஏறத்தாழ அப்படித்தான் எழுதினார்கள். சித்தப்பாவை ஒருவழியாக அழைத்துச் சென்றபோது, சிறுநீரியல் மருத்துவர் அந்த ஆய்வை மறுக்கவில்லை என்பது எனக்கு வியப்பளித்தது. நோய் வந்த பிறகு பழைய குடிப்பழக்கத்தை நினைவுகூரச் சொல்லிக் கேட்ட ஆய்வு அது என்றும், ஆரோக்கியமாக இருக்கும் ஆண்களை முதலில் பதிவுசெய்து, பின்னர் யாருக்கு நோய் வருகிறது என்று தொடர்ந்து கவனித்த கலிபோர்னியா ஆய்வில், 80,000க்கும் மேற்பட்டவர்களிடையே சிவப்பு ஒயினால் எந்தப் பாதுகாப்பும் தென்படவில்லை என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். திராட்சைத் தோலில் உள்ள, புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லப்படும் ரெஸ்வெரட்ரால் என்ற வேதிப்பொருளைப் பற்றிச் சித்தப்பா விடாமல் கேட்டார். ஒரு லிட்டர் ஒயினில் அது சில மில்லிகிராம் அளவே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. ஆய்வகத் தட்டில் உள்ள உயிரணுக்களின்மேல் ஊற்றும் அளவு குடிப்பவரின் இரத்தத்தை எட்டுவதில்லை.

சித்தப்பாவுக்குப் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்தது. திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் தெரிந்தது மெதுவாக வளரும், ஆபத்து குறைந்த வகை என்பதால், இப்போது சிகிச்சையின்றிக் கண்காணிப்பில் மட்டும் இருக்கிறார்.

சென்னையிலிருந்து:

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மதுவை வாழ்நாளில் தொட்டிராத என் அப்பாவுக்கு எழுபது வயதுக்குமேல் இந்நோய் வந்தபோது, நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், அளவாக ஒயின் குடித்திருந்தால் இது வந்திருக்காது என்று அப்பாவின் படுக்கையருகிலேயே நின்று சொன்னார். மதுவை முதல் தொகுதி, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான, புற்றுநோய்க் காரணியாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே அறிவித்துவிட்டது என்பதும், வாய், உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கு ஒயினில் உள்ள மதுவும் காரணமாகிறது என்பதும் அவர் காதுக்கு எட்டவில்லை போலும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு உறுதியாகத் தெரிந்த ஆபத்துக் காரணிகளில் முக்கியமானவை முதுமையும் குடும்ப வரலாறும். தந்தைக்கு இருந்தால் மகனுக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், அண்ணனும் நானும் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டோம். உங்கள் சித்தப்பா இப்போதும் ஒயின் அருந்துகிறாரா?

பாரிஸ் புறநகரிலிருந்து:

குறைத்திருக்கிறார், விட்டுவிடவில்லை. குறைத்ததற்கும் ஆய்வுகள் காரணமல்ல. பிரான்சில் ஒரு கோப்பை என்றால் 10 கிராம் மது, அதாவது 12 விழுக்காட்டு ஒயினில் 10 சென்டிலிட்டர். வாரத்துக்கு 10 கோப்பைக்கு மேல் வேண்டாம், நாளொன்றுக்கு இரண்டைத் தாண்ட வேண்டாம், சில நாட்கள் குடிக்காமலே இருங்கள் என்பது பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. தினம் ஒரே ஒரு கோப்பை என்று மருத்துவரிடம் பெருமையாகச் சொன்ன சித்தப்பாவின் கோப்பையைச் சித்தி சமையலறை அளவுக் குவளையால் அளந்து பார்த்தார்: 25 சென்டிலிட்டர். அவர் கணக்கில் வாரத்துக்கு ஏழாக இருந்தது, சித்தி கணக்கில் பதினேழரை ஆயிற்று.