டயர் அளவு மாறியபின் வேகமானிக்குச் செய்வது: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

1. கையேட்டுத் தொகுப்பாளர், கோலாலம்பூர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சிக் கையேட்டின் தமிழ் வரைவு ஓர் இடத்தில் நிற்கிறது. பிக்கப்பிலோ லோரியிலோ வேறு அளவு டயர் போட்டபின் வேகமானியை மறுபடி சரியாகக் காட்ட வைக்கும் வேலைக்கு வரைவில் ‘அளவுத்திருத்தம்’ என்று எழுதியிருக்கிறோம். பாடநூல்களில் புழங்கும் சொல்தான். ஆனால் வேலை அட்டையில் ‘வேகமானி அளவுத்திருத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதினால், மீட்டரைச் சோதித்துப் பிழையைக் குறித்தார்களா, அதை மாற்றியமைத்தார்களா என்று படிப்பவருக்குத் தெரியாது. இரண்டும் வேறு வேலை, கூலியும் வேறு.

வேகமானி என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன். இலங்கையில் கதிமானி என்பார்கள்; நம் காதுக்கு வேகம்தான் பழகியது. டயருக்கும் புதுச்சொல் தேடவில்லை. வேலையின் பெயர் மட்டும் வேண்டும்.

2. பட்டறைப் பயிற்றுநர், செகாம்புட்

வணக்கம் ஐயா. சொல்லைத் தேடுமுன் வேலையை வரிசையாகப் பார்த்துவிடலாம். எத்தனை சொல் வேண்டும் என்பதை வேலையே சொல்லிவிடும்.

பிக்கப்பில் வழக்கமான அளவு 265/65R17: அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். அதன் பக்கச்சுவர் 172.25 மி.மீ.; இரண்டு பக்கமும் சேர்ந்து 344.5. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8. ஆக மொத்த விட்டம் 776.3 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 285/70R17 போட்டால் விட்டம் 830.8. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.070. சக்கரம் ஒரு சுற்றில் 7 விழுக்காடு கூடுதல் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 90 காட்டும்போது கணக்குப்படி வண்டி 96.3-இல் போகும். தூரமும் அப்படியே: மீட்டரில் 10,000 கி.மீ. ஓடியதாக இருந்தால் எஞ்சின் எண்ணெய் 10,700 கி.மீ. உழைத்திருக்கும்.

இது காகிதக் கணக்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் வேகமானி பெரும்பாலும் சற்றுக் கூட்டித்தான் காட்டும், அதுவும் வேண்டுமென்றே. வேகமானிக்கான ஐநா 39-ஆம் ஒழுங்குவிதியின்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது. பிக்கப், கார் வகைகளில் உண்மை வேகத்தின் 10 விழுக்காட்டோடு மணிக்கு 4 கி.மீ.யும் சேர்ந்த அளவுவரை கூட்டிக் காட்டலாம். பழைய டயரில் மீட்டர் 90 காட்டியபோது உண்மை வேகம் 86 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டயர் போட்டபின் அதே 90-இல் உண்மை வேகம் 92 ஆகும், 96 ஆகாது. ஆகவே முதலில் செய்யவேண்டியது, எதையும் தொடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது. விரைவுச்சாலையில் மேடுபள்ளமில்லாத நேர்பாதை, திறந்த வானம், 40, 60, 90 ஆகிய மூன்று வேகங்கள். ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் சீராக ஓட்டி ஜிபிஎஸ் காட்டும் வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர் குறிக்கவேண்டும். ஓட்டுபவர் குறிக்கக் கூடாது. தூரத்தைச் சரிபார்க்கச் சாலையோரக் கிலோமீட்டர்க் குறிகள் போதும்: குறைந்தது 10 கி.மீ.

மாற்றியமைப்பது அதன்பிறகு. அது எப்படி என்பது வேகச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

கேபிள் வைத்த பழைய வண்டியில் கியர்பாக்ஸ் வாலில் இருக்கும் சிறு பற்சக்கரத்தை மாற்றவேண்டும். டயர் பெரிதானால் பல் குறையவேண்டும். 30 பல் இருந்தால் 30-ஐ 1.07-ஆல் வகுத்து 28. ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 3 விழுக்காடு என்பதால் அதைவிட நுணுக்கமாகப் போக முடியாது. பல் எண்ணிக்கை மாறினால் சில கியர்பாக்ஸ்களில் அதைத் தாங்கும் உறையும் மாறவேண்டும். பழைய உறையில் புதுப் பற்சக்கரத்தைத் திணித்தால் பற்கள் விளிம்பில் மட்டும் கடித்துச் சில வாரங்களில் சிராய்ந்துவிடும்.

கியர்பாக்ஸில் மின் உணரி (சென்சர்) இருந்தால் நடுவே ஒரு சிறு பெட்டி வைக்கிறோம்: மின்சாரம், எர்த், உள்ளே வரும் செய்தி, வெளியே போகும் செய்தி என நான்கு கம்பி. உணரியிலிருந்து வருகிற மின் துடிப்புகளின் எண்ணிக்கையை 1.070-ஆல் பெருக்கி அனுப்பும். இங்கே அதிகம் நடக்கும் தவறு, பெருக்குவதற்குப் பதில் வகுப்பது. அப்போது பிழை இரட்டிப்பாகி மேலே சொன்ன காகிதக் கணக்கில் மீட்டர் 90 காட்டும்போது வண்டி 103-இல் ஓடும். அடுத்த தவறு உணரியின் வகை பார்க்காதது. மூன்று கம்பி உணரி சதுர அலை தரும், பெட்டி எளிதாக எண்ணும். இரண்டு கம்பி காந்தச்சுருள் உணரியில் வண்டி மெதுவானால் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். அதற்கு ஏற்ற உள்ளீடு பெட்டியில் இல்லாவிட்டால் மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே முள் துள்ளும். எர்த்தை டேஷ்போர்டின் ஏதோ ஒரு திருகில் கட்டினாலும் இதே துள்ளல்தான், ஆளைக் குழப்பும்.

புதிய வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் உள்ள ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உணரிகளிலிருந்தே வேகம் கணிக்கப்படுகிறது. அங்கே ஒரு சக்கரத்தின் கம்பியில் பெட்டியைச் செருகினால் அந்த ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழல்வதாகக் கணினி நம்பி எச்சரிக்கை விளக்கைப் போடும். டயர் அளவை ஸ்கேனர் வழியே கணினியில் மாற்றுவதுதான் முறை. தயாரிப்பாளர் அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தால் மட்டும் முடியும்.

ஆகவே என் பக்கம் இரண்டு சொல் வேண்டும். ஒன்றில் மீட்டர் மாறுவதில்லை. மற்றொன்றில் மாறுகிறது.

3. தமிழாசிரியர், பினாங்கு

> ஒன்றில் மீட்டர் மாறுவதில்லை. மற்றொன்றில் மாறுகிறது.

செகாம்புட் ஐயா சொன்னது அளவியலின் அடிப்படைப் பிரிவு. அனைத்துலக அளவியல் சொற்றொகுதியும் இந்த இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைத்து, ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளவேண்டாம் என்று குறிப்பும் எழுதியிருக்கிறது. மலாய்க்காரர்களும் பிரித்துத்தான் சொல்கிறார்கள். முதலாவது பெனெந்துகூரான்: தெந்து, ஊகூர் இரண்டும் சேர்ந்த சொல், அளவை உறுதிசெய்தல். இரண்டாவது பெலாராசான். அதன் வேரான லாராஸ், கமெலான் என்ற ஜாவானிய இசைக்குழுவின் கருவிகளுடைய சுருதி அமைப்பையும் குறிக்கும்.

அதைப் பார்த்தபோதுதான் நம் வழக்கு நினைவுக்கு வந்தது. சுருதி பார்ப்பது வேறு, சுருதி சேர்ப்பது வேறு. தம்புராவைத் தொட்டவர் யாரும் இதைக் குழப்பிக்கொள்ள மாட்டார். உரைகல்லில் உரசி மாற்றுப் பார்க்கும்போதும் பொன் அப்படியேதான் இருக்கிறது, அதன் தரம் மட்டும் தெரியவருகிறது. ‘அளவுத்திருத்தம்’ முதல் வேலைக்குப் பொருந்தாததற்குக் காரணம் அதிலுள்ள திருத்தம்தான். திருத்தாத வேலைக்குத் திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

என் முன்மொழிவு: ஒப்பிட்டுப் பிழையைக் குறிப்பதற்கு அளவொப்பீடு, அந்தக் குறிப்பைக் கொண்டு கருவியை மாற்றியமைப்பதற்கு அளவிசைவு.

4. லோரிப் பராமரிப்பாளர், பிறை

வணக்கம். அளவொப்பீடு நன்றாக இருக்கிறது. ‘அளவிசைவு’ எனக்கு இடறுகிறது. இசைவு என்றால் இங்கே சம்மதம். இசைவுக் கடிதம் என்று பாரத்திலேயே வருகிறது. வேலை அட்டையில் ‘அளவிசைவு பெறப்பட்டது’ என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

லோரியில் இன்னும் இரண்டு சொல் தேவைப்படுகிறது, அதையும் சேர்த்தே முடிவுசெய்யுங்கள். பிக்கப்பில் பழைய டயர், புது டயர் இரண்டின் விகிதம் கிடைத்தால் போதும். வேகப்பதிவுக் கருவி (வேகத்தையும் தூரத்தையும் பதிந்து வைக்கும் டாக்கோகிராஃப்) வைத்த லோரியில் விகிதம் போதாது. சக்கரம் ஒரு சுற்றில் உண்மையாக எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்ற எண்ணையே கருவி கேட்கும். 295/80R22.5 டயரின் விட்டம் 1043.5 மி.மீ. அதைப் பை (π) என்ற வட்ட மாறிலியால் பெருக்கினால் 3278. ஆனால் பாரம் ஏறிய டயர் தரையில் சப்பையாகும். ரேடியல் டயருக்கு 3.05-ஆல் பெருக்குவதுதான் தொழில்வழக்கு, 3183 வரும். பையை நம்பிப் பதிந்தால் கருவி தொடக்கத்திலேயே 3 விழுக்காடு பிசகும்.

அளந்து பதிவது இன்னும் மேல். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்த்து, வழக்கமான பாரத்தோடு சமதரையில் நிறுத்தவேண்டும். ஓட்டும் அச்சின் டயரிலும் தரையிலும் ஒரே இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நேராக ஐந்து முழுச்சுற்று நகர்த்தி, கோடு மறுபடி தரையைத் தொடும் இடம்வரை நாடா பிடித்து ஐந்தால் வகுக்கவேண்டும். இடது, வலது இரண்டையும் அளந்து சராசரி. ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் இரண்டு பக்கமும் ஒத்துவராது.

இதற்கு உருள்சுற்றளவு என்று வைக்கலாமா? வெறும் சுற்றளவு என்றால் எல்லாரும் பையைத் தேடுவார்கள்.

அடுத்தது, ஒரு கிலோமீட்டருக்கு உணரி அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கை. அளந்து கிடைத்த உருள்சுற்றளவு 3.184 மீட்டர், டிஃப்பரன்ஷியல் விகிதம் 4 (கியர்பாக்ஸ் தண்டு நான்கு சுற்றினால் சக்கரம் ஒன்று), உணரி தண்டின் சுற்றுக்கு 8 துடிப்பு தருகிறது என்றால் கிலோமீட்டருக்கு 10,050. அதே லோரியில் 315/80R22.5 போட்டால் உருள்சுற்றளவு 3.280, எண்ணிக்கை 9,756. கருவியில் பழைய எண் கிடந்தால் 90 என்று காட்டும்போது லோரி 92.7-இல் ஓடும். வேகக் கட்டுப்படுத்தியும் அதே எண்ணைப் பார்ப்பதாக இருந்தால் அதுவும் 90-இல் பிடிக்காது, 92.7-இல்தான் பிடிக்கும். டிஃப்பரன்ஷியலை வேறு விகிதத்துக்கு மாற்றினாலும் இதே கதை. டயரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்த எண்ணுக்கு துடிப்பெண் என்கிறேன்.

5. பட்டறைப் பயிற்றுநர், செகாம்புட்

துடிப்பெண்ணுக்கு என் ஆதரவு. ஜப்பானிய வண்டிகளில் கேபிள் வழக்கமாகக் கிலோமீட்டருக்கு 637 சுற்று. சுற்றுக்கு 4 துடிப்பு தரும் உணரி என்றால் துடிப்பெண் 2,548. ஒரே எண், ஒரே சொல், பயிலுநருக்கு மனத்தில் நிற்கும்.

தேய்மானம் விட்டுப்போகக் கூடாது. லோரி டயர் 16 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 32 மி.மீ. குறையும், 295-இல் அது 3 விழுக்காடு. தேய்ந்த டயரில் அளந்து மீட்டரை மிகச் சரியாக வைத்துவிட்டு, அடுத்த மாதம் புது டயர் போட்டால் மீட்டர் உண்மைக்குக் கீழே போய்விடும். புது டயரில்தான் அளவெடுக்கவேண்டும்; அதன்பிறகு தேயத் தேய மீட்டர் மேலேதான் காட்டும், அது ஆபத்தில்லாத பக்கம்.

ஆசிரியர் அம்மாவிடம் ஒரு கேள்வி. ‘மறு’ சேர்க்கவேண்டுமா? மறு அளவொப்பீடு என்று பிரித்தா, சேர்த்தா?

6. தமிழாசிரியர், பினாங்கு

சேர்த்தால் ‘மறுவளவொப்பீடு’. இலக்கணத்தில் பிழையில்லை, ஆனால் நடுவே ‘வளவு’ என்று ஒரு சொல் முளைத்துக் கண்ணை இழுக்கிறது. ‘மீளளவு’ என்றால் திரும்ப அளப்பது என்றாகிவிடும். முன்னொட்டே வேண்டாம் என்பேன். டயர் மாறும்போதெல்லாம் செய்யும் வேலையில் முதல்முறை, மறுமுறை என்ற பிரிவுக்கு இடமில்லை. வற்புறுத்தவேண்டிய இடத்தில் ‘மீண்டும்’ என்று தனியாக எழுதுங்கள்.

பிறை நண்பர் சொன்ன இசைவு–சம்மதம் இடறல் உண்மையானது, என் முன்மொழிவைத் திருத்திக்கொள்கிறேன். இசைதல் தன்வினை, இசைத்தல் பிறவினை. நமக்கு வேண்டியது பிறவினைதான், ஒருவர் கைவைத்துச் செய்வதால். ஆகவே அளவிசைத்தல். வினையாகவும் வளையும்: அளவிசைக்கவும், அளவிசைத்தார், அளவிசைக்கப்படாத மீட்டர். சம்மதம் என்ற வாடை போய்விடுகிறது.

7. கையேட்டுத் தொகுப்பாளர், கோலாலம்பூர்

நன்றி. வரைவில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘டயர் அளவோ டிஃப்பரன்ஷியல் விகிதமோ மாறினால், புது டயரில் வேகமானியை மூன்று வேகங்களில் அளவொப்பீடு செய்து பிழையைக் குறிக்கவும். மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டினால் கட்டாயம் அளவிசைக்கவும். வேகப்பதிவுக் கருவியுள்ள லோரியில் உருள்சுற்றளவை அளந்து, துடிப்பெண்ணைப் புதிதாகப் பதியவும். அளவிசைத்தபின் மீண்டும் அளவொப்பீடு செய்யவும்.’

வேலை அட்டையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைக்கிறேன்.

8. லோரிப் பராமரிப்பாளர், பிறை

உருள்சுற்றளவு கட்டத்துக்குப் பக்கத்தில் காற்றழுத்தத்துக்கும் ஒரு கட்டம் விடுங்கள் ஐயா. 8 பாரில் அளந்த எண்ணை 6 பாரில் ஓடும் டயரோடு ஒப்பிட்டால் அடுத்தவர் வீணாகக் கருவியைப் பிரிப்பார். ஓடிய மொத்தத் தூரத்தையும் அளவிசைக்குமுன் ஒருமுறை, பின் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். அளவிசைத்தல் இனி ஓடப்போகும் தூரத்துக்கு மட்டும். ஏற்கெனவே பதிந்த தூரம் மாறக் கூடாது, இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.