'கூலி' யார் வீட்டுச் சொல்? காசா, ஆளா?

சாட்ஸ்வொர்த்காரன்:
நேற்று சான்ட்டன்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இது: "இங்கே தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரன் நம்மைக் கூப்பிட்ட 'கூலி' தமிழ்ச் சொல்லே இல்லை. குஜராத் பக்கம் கோலி என்றொரு சாதி உண்டு. அந்தப் பெயர்தான் ஐரோப்பியர் வாயில் புகுந்து உலகமெல்லாம் போனது. தமிழர் உரிமை கொண்டாட இதில் ஒன்றுமில்லை."

தம்பி, 619ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." ஐரோப்பியன் இந்தியாவுக்குக் கடல்வழி தேடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே வள்ளுவர் எழுதிவிட்டார். உடம்பை வருத்தினால் கிடைப்பது கூலி. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பலில் இருந்த நம் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதற்குத்தான் வந்தார்கள். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். கூலிக்கு வந்தவனைக் கூலி என்றான். குஜராத் எங்கே நடுவில் வந்தது?

சான்ட்டன்வாசி:
அண்ணா, குறள் எனக்கும் தெரியும். நீங்கள் காட்டிய குறளே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. அதில் கூலி என்றால் ஊதியம், ஆள் இல்லை. ஆளைச் சொல்லத் தமிழில் கூலியாள், கூலிக்காரன் என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. மலையாளத்தில் கூலி என்றால் சம்பளம். சிங்களத்தில் 'குலி' என்றால் வாடகை. வீடு வாடகைக்கு என்பதற்கு 'குலியட' என்று பலகை வைப்பார்கள். எங்கே போனாலும் காசுதான். ஆங்கிலத்தில் மட்டும் அது எப்படி மூட்டை தூக்கும் ஆளானது? கோலி என்பது ஆள். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு 1886இல் யூல், பர்னல் இருவரும் போட்ட அகராதியும் கோலியைத்தான் முன்னால் வைக்கிறது. காசா, ஆளா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்காரன்:
அந்த அகராதி தமிழ்க் கூலியையும் சொல்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

காசு ஆளாகாதா? 'எடுபிடி' என்பது முதலில் வேலை, பிறகு அந்த வேலையைச் செய்கிறவன். 'ஏவல்' என்பது கட்டளை, பிறகு வேலைக்காரன். ஆட்டோக்காரர் "ஒரு சவாரி கிடைத்தது" என்றால் அவருக்குக் கிடைத்தது ஆள்தானே? தெலுங்கிலும் கூலி என்றால் ஆள் உண்டு. தமிழ்நாட்டு ரயிலடியில் "கூலி!" என்று கூப்பிட்டால் சிவப்புச் சட்டைக்காரர் வருவாரா, சம்பளக் கவர் வருமா?

அப்புறம் அந்த ஓகாரம். கோலி எப்படிக் கூலியாகும்? உயிரெழுத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதற்கு இதென்ன குழந்தை விளையாட்டா?

சான்ட்டன்வாசி:
ரயிலடிக் கூலி ஆங்கிலேயர் ரயிலோடு திரும்பி வந்த சொல். தமிழிலிருந்து போனதற்கு அது சாட்சி ஆகாது.

ஓகாரத்தைப் பற்றி நீங்களா பேசுவது? தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கியவன் வெள்ளைக்காரன். அவ்வளவு தூரம் ஏன்? உங்கள் டர்பனில் முதலி 'மூட்லி' ஆகியிருக்கிறார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆகியிருக்கிறார். அவை மாறலாம், கோலி கூலியாக மாறக்கூடாதா?

சாட்ஸ்வொர்த்காரன்:
வந்துவிட்டீர்கள் பெயருக்கு. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

மூட்லி என்று எங்கள் பாட்டன் எழுதவில்லை. எழுதியது கப்பல் குமாஸ்தா. அந்தப் பட்டியலை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா? ஆளுக்கு ஒரு எண். அப்புறம் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம்: நெற்றியில் தழும்பு, இடது முழங்காலில் தீக்காயம் என்று. மாட்டுச் சந்தையில் எழுதுவது போல எழுதியிருக்கிறான். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் கிறுக்கினான், நாங்கள் அதைச் சுமக்கிறோம். அந்தப் பட்டியலில் சாதிக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. எல்லாச் சாதியும் அதில் உண்டு. அத்தனை பேருக்கும் மேலே போட்ட ஒரே பெயர் கூலி. அது குஜராத் சாதிப் பெயராக இருந்தால் ஆற்காட்டுக்காரன் தலையில் எப்படி ஏறியது?

சான்ட்டன்வாசி:
1860க்குள் அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஊறிப்போய்விட்டது. உங்கள் பட்டியல் பயன்பாட்டைக் காட்டுகிறது, பிறப்பை அல்ல. காசா, ஆளா?

பீனிக்ஸ் அக்கா:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். இது எங்கள் முகத்தில் எறிந்த சொல். 1885இல், ஜோகன்னஸ்பர்க் பக்கம் அப்போதிருந்த டிரான்ஸ்வால் நாட்டின் சட்டம் 3 "கூலிகள் எனப்படுவோர், அரபியர், மலாய்க்காரர்" என்று அடுக்கி, நிலம் வாங்கும் உரிமையைப் பறித்தது. அங்கே யாரும் கூலி வாங்குகிறானா, கடை வைத்திருக்கிறானா என்று கேட்கவில்லை. காந்தி வக்கீல் படித்துவிட்டு வந்தார், அவரையும் கூலி பாரிஸ்டர் என்றார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் நம்மவர் இருந்த இடத்துக்கே 'கூலி லொகேஷன்' என்று பெயர். 1904இல் பிளேக் வந்ததும் அதைக் கொளுத்தினார்கள். அதற்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறீர்களே. என் பேரப்பிள்ளை இந்தப் பக்கத்தைப் படித்தால் என்ன நினைப்பான்?

சாட்ஸ்வொர்த்காரன்:
அக்கா, அதனால்தான் எழுதுகிறேன். நம் சொல்லைத் திருடி நம்மையே அடித்தான் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

போர்ட்லூயி மாமா:
மொரீஷியஸிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் 1834இலேயே வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் இறங்கிய இடத்தைக் கூலி காட், அதாவது கூலித் துறை, என்றே சொன்னோம். இப்போது அது ஆப்ரவாசி காட், 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எங்கள் கவிஞர் கால் தொராபுல்லி அந்தச் சொல்லை ஒளிக்காமல் 'கூலிட்யூட்', கூலித்தன்மை, என்று தலை நிமிர்த்தி வைத்தார். நீங்கள் இருவரும் துருக்கியை மறந்துவிட்டீர்கள். துருக்கியில் 'குல்' என்றால் அடிமை. கோல்கொண்டா சுல்தான் குலி குதுப் ஷா பெயரில் இருப்பதும் அதுதான். சீனத்திலும் 'குலி' உண்டு, கசப்பான உழைப்பு என்று பொருள் வரும்படி எழுதுகிறார்கள். அங்கிருந்து வந்திருக்கக் கூடாதா?

சாட்ஸ்வொர்த்காரன்:
மாமா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். சீனர் அந்தச் சொல்லை வெளியிலிருந்து வாங்கி, ஓசைக்கும் பொருளுக்கும் ஒத்துவரும் இரண்டு எழுத்தைத் தேடி எழுதிக்கொண்டார்கள். 1904 முதல் டிரான்ஸ்வால் சுரங்கங்களுக்கு அறுபதாயிரத்துக்கும் மேல் சீனரைக் கொண்டுவந்தான், அவர்களையும் அதே பெயரால்தான் கூப்பிட்டான். இந்தோனேசியாவில் பத்திரிகைக்காரனை 'குலி தின்தா', அதாவது பேனா மைக் கூலி, என்கிறார்கள். போன இடமெல்லாம் ஆள். புறப்பட்ட இடம் தமிழ்.

சான்ட்டன்வாசி:
போன இடமெல்லாம் ஆள், புறப்பட்ட இடத்தில் மட்டும் காசு. இதைத்தானே மூன்று நாளாகக் கேட்கிறேன்!

சாட்ஸ்வொர்த்காரன்:
சிவபெருமானே மதுரையில் வந்திக்காகக் கூலிக்கு மண் சுமந்தார். "பிட்டு நேர்பட மண்சுமந்த பெருந்துறைப் பெரும்பித்தனே" என்று மாணிக்கவாசகர் பாடுகிறார். தமிழனுக்குக் கூலி கேவலம் இல்லை. கேவலமாக்கியவன் வேறு.

சான்ட்டன்வாசி:
அங்கேயும் பிட்டுதான் கூலி, சிவன் கூலியாள். நன்றி ஐயா.

சாட்ஸ்வொர்த்காரன்:
இப்போது அண்ணா போய் ஐயா ஆகிவிட்டேனா? சரி.

நீங்கள் விமானத்தில் வந்தீர்கள், கையில் வேலை உத்தரவோடு. உங்களை யாரும் தெருவில் அப்படிக் கூப்பிட்டதில்லை. காய்கறி விற்ற எங்கள் தாத்தாக்களைச் 'சாமி' என்று கூப்பிட்டார்கள், முனுசாமி கோவிந்தசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்துக்கொண்டு. சாமி என்றால் எஜமான் என்று அந்த மடையர்களுக்குத் தெரியாது. காந்தியே அதைச் சொல்லிக்காட்டியிருக்கிறார்.

சான்ட்டன்வாசி:
நான் எப்படி வந்தேன் என்பதற்கும் கோலிக்கும் என்ன சம்பந்தம்? ஆதாரம் தீர்ந்ததும் ஆளைப் பிடிக்கிறீர்கள். சாமி வடமொழி ஸ்வாமியிலிருந்து வந்தது, அதையும் தமிழ் என்று எழுதிவிடாதீர்கள்.

பீனிக்ஸ் அக்கா:
சாமியையும் விடமாட்டீர்களா? கோயில் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறோம். இவ்வளவு தமிழ் வைத்திருக்கிறவர்கள் ஒருவராவது வந்தீர்களா?

சாட்ஸ்வொர்த்காரன்:
நான் வருகிறேன் அக்கா, தம்பியையும் கேளுங்கள். கப்பல் பட்டியலில் ஒரு பக்கத்தைச் சாதிக் கட்டத்தோடு தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். அதில் எத்தனை கோலி இருக்கிறார் என்று தம்பி எண்ணிச் சொல்லட்டும்.

சான்ட்டன்வாசி:
போடுங்கள், எண்ணுகிறேன். காசா, ஆளா?