‘பிசிக்ஸ் பிளாட்பார்மர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருளாக வரும் ஒரு விளையாட்டுத் தொகுப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவுக்குள் ஏற்றியாக வேண்டும். எல்லா வரியும் முடிந்து ஒரே ஒரு வகைப்பெயர் பாக்கி: பிசிக்ஸ் பிளாட்பார்மர்.

வெறும் பிளாட்பார்மரில் எனக்குச் சிக்கல் இல்லை. 1981இன் டாங்கி காங், 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் போல, தட்டுக்குத் தட்டு தாவிப் போவது. இந்த உட்பிரிவுதான் இடிக்கிறது: ஒரு பொத்தானில் தாவாமல், உடலின் எடையையும் அசைவையும் நாமே சமாளித்து நகர வேண்டிய விளையாட்டுகள். இந்தப் பாணிக்குப் பேர்போன கியூ-டபிள்யூ-ஓ-பி விளையாட்டை (பென்னட் ஃபாடி, 2008) எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டக்காரனுக்கு நான்கே விசைகள்: இரண்டு தொடைகளுக்கு, இரண்டு கெண்டைக்கால்களுக்கு. ‘ஓடு’ என்று சொல்ல விசையே கிடையாது. ஓட வேண்டியது 100 மீட்டர். முதல் அடியிலேயே மல்லாந்து விழுகிறான்.

‘இயற்பியல்சார் தளத்தாவல்’ என்று போட்டு வைத்தேன். அந்தப் பெட்டியில் 20 குறிகளுக்குத்தான் இடம். நம் கணக்கில் இது 14 எழுத்து. நிரலோ ஒருங்குறி (யூனிகோடு) புள்ளிகளை எண்ணுகிறது. ‘தா’வுக்கு இரண்டு, ‘ற்’றுக்கு இரண்டு. இடைவெளியோடு 23 ஆகிவிட்டது. உதவுங்கள்.

—
மறு:

தம்பி, இடம் கிடைத்தாலும் ‘இயற்பியல்சார்’ வேண்டாம். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். மரியோவும்தான் விழுகிறான், அங்கேயும் ஈர்ப்பு இருக்கிறது. ஆனால் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அதற்கேற்ப உயரம் மாறுகிறது. அந்தரத்தில் இருக்கும்போதே திசையைத் திருப்பிக்கொள்ளலாம். எந்த உடம்பாலும் முடியாத காரியம் அது. தாவுவது கைக்கு இதமாக இருக்கட்டும் என்று அமைத்த விதிகள் அவை.

2017இல் வந்த கெட்டிங் ஓவர் இட் விளையாட்டை வகுப்பில் போட்டுக் காட்டினேன். கொப்பரைக்குள் இடுப்புவரை புதைந்த ஒரு மனிதன், கையில் நீளக் காம்புச் சுத்தியல். அசைப்பது சுட்டியால் மட்டும். சுத்தியலின் தலையைப் பாறை விளிம்பில் ஊன்றிக் கீழே அழுத்தினால் கொப்பரை எழும்புகிறது. கொஞ்சம் கோணம் பிசகினால், அரைமணி நேரம் ஏறியதெல்லாம் போய்த் தொடங்கிய இடத்திலேயே கிடக்கிறான். நியூட்டனின் மூன்றாம் விதியை நான் கரும்பலகையில் எழுதிய நாள்களில் இவ்வளவு கவனம் கிடைத்ததில்லை. பெயர் அந்தப் பிள்ளைகளின் கை படும் பாட்டைச் சொல்ல வேண்டும், பாடத்தின் பெயரைச் சொல்லக்கூடாது.

—
மறு:

அம்மா சொன்னது முழுக்கச் சரி. கை படும் பாட்டையும் தட்டையும் ஒருசேரச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: தெற்றி.

‘இலங்குவளை மகளிர் தெற்றி ஆடும்’ என்கிறது புறநானூறு 53. 36ஆம் பாட்டில் பொற்கழங்கு வைத்துத் தெற்றி ஆடுகிறார்கள். தெற்றி என்றால் திண்ணை, மேடை. மேடை மேல் விளையாட்டு! பிளாட்பார்மருக்கு இதைவிட நெருங்கிய சொல் எங்கே கிடைக்கும்?

இன்னொன்று பாருங்கள். தெற்றுதல் என்றால் இடறுதல், பின்னிக்கொள்ளுதல். கால் தெற்றி விழுந்தான் என்கிறோம். வரிசை பிறழ்ந்த பல் தெற்றுப்பல். மலையாளத்தில் தெற்று என்றாலே பிழை. பின்னலும் இடறலும் பிறழ்வும் மேடையும் ஒரே சொல்லுக்குள்! ‘தெற்றியாட்டம்’ என்று வையுங்கள். தம்பியின் நிரல் கணக்கில் 13தான் வரும்.

—
மறு:

> ஒரே சொல்லுக்குள்!

ஐயா, குறள் 581இல் ‘தெற்றென்க’ என்பதற்குத் தெளிக என்று பொருள் சொல்கிறார்கள். தெற்றென என்றால் தெளிவாக. பின்னலும் தெளிவும் ஒரே வேரா? ஒலி ஒன்றாக இருப்பதால் வேரும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. மேடைக்கும் இடறலுக்கும் அதே கேள்வி பொருந்தும்.

நான் விளையாட்டு நிரல் எழுதுகிறவன். எங்களுக்குள் பிளாட்பார்மர் என்றுதான் பேசிக்கொள்கிறோம். பட்டியலில் ‘தெற்றியாட்டம்’ என்று பார்க்கும் பையன் அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போய்விடுவான். ‘பிசிக்ஸ் பிளாட்பார்மர்’ என்றே தமிழெழுத்தில் போடலாம். பஸ், பேனா வந்தபோது தமிழ் குறைந்துவிடவில்லை.

—
மறு:

பேனாவும் பஸ்ஸும் பொருள்களின் பெயர்கள், தம்பி. வந்தன, இருந்தன. இது ஒரு வகையின் பெயர். இதிலிருந்து இன்னும் பத்துச் சொல் பிறக்க வேண்டும். பிளாட்பார்மரிலிருந்து என்ன பிறக்கும்?

தெற்றென என்பது வேறு வேர் என்றே ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் விடமாட்டேன். திண்ணை வாயிலில் குறுக்கே நிற்பது. குறுக்கே நிற்பதுதான் இடறும்.

—
மறு:

ஐயா, வேர் எதுவாகவும் இருக்கட்டும். ‘தெத்துவாய்’ என்ற சொல்லை மறந்துவிட்டீர்களா? என் வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பிள்ளை இருக்கிறான். அவனை மற்றவர்கள் அந்தச் சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். அதே ஒலியைப் பலகையில் எழுதிவிட்டு அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

—
மறு:

அம்மா, இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வகுப்பறைக்கு வேண்டாம்.

ஆனால் சொல்லைத் தேடுமுன் வினையைப் பார்த்துவிடுவோம். மரியோவுக்கு நாம் இடுவது ஏவல். ‘தாவு’ என்கிறோம், தாவுகிறான். நாம் அவனை நடத்துகிறோம், பிறவினை. தம்பி சொன்ன ஓட்டக்காரனிடம் ஏவல் செல்லாது. தொடையை நாமே தூக்கி, கெண்டைக்காலை நாமே மடக்குகிறோம். நடப்பவர் நாமே, தன்வினை. இருபது முப்பது வயதில் மறுபடி நடக்கப் பழகுகிறோம். அதற்குப் பெரியாழ்வார் ஒரு சொல் வைத்திருக்கிறார்: ‘தளர்நடை நடவானோ’. குழந்தை விழுந்து எழுந்து வைக்கும் நடை. தளர்நடைத் தாவல் என்னலாமா?

—
மறு:

தளர்நடை! ஐயா, இது எனக்கே பிடித்திருக்கிறது. ஏவல், தன்வினை என்று நீங்கள் பிரித்ததை எங்கள் துறையில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் காலே இல்லாதவை இருக்கின்றனவே. 2006இல் வந்த லோகோரோகோவில் உருண்டையை நாம் தொடுவதே இல்லை. இரண்டு பொத்தான்களால் நிலத்தைச் சாய்க்கிறோம், அது உருள்கிறது. 2004இன் கிஷ்ஷில் நாயகன் ஒரு தார் உருண்டை. ஒட்டும், வழுக்கும், கனக்கும். ஸ்னேக் பாஸ் (2017) இன்னும் மோசம். பாம்பு. மூங்கில் கழிகளைச் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும், தாவுவதற்குப் பொத்தானே கிடையாது. அங்கே நடையும் இல்லை, தாவலும் இல்லை.

—
மறு:

தாவல் இல்லாவிட்டால் தளமாவது இருக்கிறதே. ‘தாவுதளம்’ என்று வினைத்தொகையாக வைத்தால்?

—
மறு:

தளமா தாவுகிறது?

—
மறு:

உண்கலம் உண்கிறதா? உண்பதற்கான கலம். அதுபோலத் தாவுவதற்கான தளம். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் தளம் என்றால் இன்று எல்லோருக்கும் இணையதளம்தான். சொல் நல்லது, இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

—
மறு:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு பதினொன்று ஆகிறது. பாம்பானாலும் உருண்டையானாலும் கொப்பரைக்காரரானாலும் ஆடுகிறவர் தடுமாறுகிறார் என்பது மட்டும் மாறவில்லை. ‘தடுமாற்றத் தாவல்’ என்று போடுகிறேன். 16 குறிகள். பாம்புக்குத் தாவல் பொருந்தாது, தெரியும். பட்டியலில் மேலே ‘தாவல்’ என்ற பெருவகை இருப்பதால் கீழே அதே சொல் வந்தால் பையன்களுக்குப் பிடிபடும். விளக்கவரியில் ‘தளர்நடை போல உறுப்பு உறுப்பாக இயக்கும் விளையாட்டுகள்’ என்று எழுதிவிட்டேன்.

கன்ட்ரோல்ஸ் என்ற தலைப்பையும் ‘கட்டுப்பாடுகள்’ என்பதிலிருந்து ‘இயக்குமுறை’ என்று மாற்றிவிட்டேன். கட்டுப்பாடுகள் என்று படிக்கும்போது ஏதோ தடைச்சட்டம் போல இருந்தது.

—
மறு:

எனக்குச் சம்மதம். எங்கள் பிள்ளைகளும் ‘மிஸ், செமத் தடுமாற்றம்’ என்றுதான் சொன்னார்கள்.

—
மறு:

பிளாட்பார்மர் என்று தேடுகிறவனுக்கும் இது அகப்பட வேண்டும். தேடுசொற்களில் அதையும் சேர்த்தால் எனக்கும் சரி.

—
மறு:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் தடுமாற்றம் என்பது ஆடுகிறவரின் குறையைச் சொல்கிறது. பத்து நாள் பழகியபின் அவர் தடுமாறமாட்டாரே, அப்போதும் விளையாட்டு அதேதானே? தளர்நடை வளர்ந்து நடையாகும். தடுமாற்றம் எதுவாக வளரும்? அடுத்த பதிப்புக்கு முன் இதை மீண்டும் எடுக்க வேண்டும். தெற்றியைப் பற்றியும் தனியாக ஒரு மடல் எழுதுவேன், வகுப்பறைக்காக அல்ல.